தூங்க வைக்கப்பட்ட முன் பிரேக்

அனுப்புநர்:
உரிமம் பெற்ற இருசக்கர வாகனப் பயிற்சியாளர்
(திடலில் ‘எட்டு மாஸ்டர்’ என்று கேட்டால் காட்டுவார்கள்),
டயர் கடை மாடி,
தேர்வுத் திடலின் பின்கேட்டுக்கு எதிரே.

பெறுநர்:
உயர்திரு ஓட்டுநர் உரிம அதிகாரி அவர்கள்,
மோட்டார் போக்குவரத்து அலுவலகம்,
முதல் மாடி.

பொருள்: ஆய்வகப் பணியாளரான பெண் ஒருவரின் ஓட்டுநர் உரிமம் ‘ஓட்டியவரின் கவனக்குறைவு’ எனக் காரணம் காட்டி நிறுத்திவைக்கப்பட்டதை மறுபரிசீலனை செய்யக் கோருதல் – விபத்துக்குப் பொறுப்பான பயிற்சியாளர் மீது நடவடிக்கை கோருதல் – தொடர்பாக.

எதிர்மனுதாரர்: மேற்படி அனுப்புநரே.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இம்மனுவை முதலில் கீழ்த்தளத்தில் உள்ள மனுப்பிரிவில் கொடுக்க முயன்றேன். எதிர்மனுதாரர் என்ற இடத்தில் என்னையே குறிப்பிட்டிருந்ததைக் கண்ட எழுத்தர், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, “உங்க மேல நீங்களே புகார் குடுத்தா நான் யாரைக் கூப்பிட்டு விசாரிக்கிறது? வீட்டுக்குப் போய் நிதானமா யோசிச்சுட்டு வாங்க மாஸ்டர்” என்று கூறித் திருப்பித் தந்தார். அவர் என்னிடம் வண்டி பழகியவர். என் நலன் கருதியே அவ்வாறு கூறினார் என்பதை அறிவேன். அவர் சொன்னபடியே வீட்டுக்குப் போய் நிதானமாக யோசித்தேன். யோசித்ததில் மனு இன்னும் நீளமாகிவிட்டது. ஆகவே நேரடியாகத் தங்கள் பார்வைக்குச் சமர்ப்பிக்கிறேன். பொறுத்தருள வேண்டும்.

1. நான் தங்கள் அலுவலகத்தின் அங்கீகாரம் பெற்று இருசக்கர வாகனப் பயிற்சிப் பள்ளி நடத்தி வருகிறேன். மாடியில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, சுவரில் சாலைக் குறியீட்டுப் படம், கீழே பயிற்சிக்கென்று ஒரு கறுப்பு மோட்டார் சைக்கிள். சேர்க்கை, சான்றிதழ் வேலைகளை என் மனைவி பார்த்துக்கொள்கிறார். என்னிடம் பழகியவர்கள் தேர்வில் எட்டு போடும்போது கால் ஊன்றியதில்லை, கோட்டைத் தாண்டியதில்லை. அதனால்தான் ‘எட்டு மாஸ்டர்’ என்ற பெயர். தங்கள் ஆய்வாளர்கூட ஒருமுறை நிழற்கூரையின் கீழ் நாற்காலியில் சாய்ந்தபடி, “மாஸ்டர், உங்க ஆளுங்க எட்டு அச்சுல ஊத்துன மாதிரி இருக்குய்யா” என்று பாராட்டினார். அன்று முழுவதும் என் கால் தரையில் பாவவில்லை. அந்தப் பாராட்டை இப்போது நினைத்தால் கூசுகிறது.

2. பாதிக்கப்பட்ட பெண்மணி ஒரு ரத்தப் பரிசோதனை ஆய்வகத்தில் வேலை செய்பவர். வீடு வீடாகச் சென்று நோயாளிகளிடம் ரத்தம் எடுத்து வருவது அவர் பணி. தெருப் பிள்ளைகள் அவரை ‘ரத்தக்காரம்மா’ என்று அழைப்பார்கள்; அவர் வருவதைக் கண்டால் கதவுக்குப் பின்னால் ஒளிவார்கள். அவரும் அதே பெயரில்தான் என் பள்ளிக்கு வந்து அறிமுகப்படுத்திக்கொண்டார். வெகுகாலம் பேருந்திலும் நடந்தும் வேலை பார்த்தவர். நடையும் பேருந்தும் இனிக் கட்டுப்படியாகாது என்று ஆய்வகம் கூறிவிட்டது. பின்னால் குளிர்பெட்டி பொருத்திய கியர் மோட்டார் சைக்கிள் தருவார்கள், ஓட்டத் தெரிந்தால் வேலை நிலைக்கும், இல்லையென்றால் வேறு ஆள் என்பது நிபந்தனை. வீட்டில் அவரும், கண்பார்வை மங்கிய அவருடைய அக்காவும் மட்டும். சம்பாதிப்பவர் இவர் ஒருவரே.

3. சைக்கிள்கூட ஓட்டியறியாதவர் அவர். கிளட்சை விட்டால் வண்டி துள்ளும், இவர் கத்துவார், பிறகு தானே சிரித்துக்கொள்வார். நடுத்தர வயதில் பழக வருபவர்களுக்கு வெட்கம் அதிகம் இருக்கும். இவருக்கு அது இல்லை. எதைச் சொன்னாலும் தலையாட்டி, வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்து, அப்படியே செய்வார். ஊசி போடக் கற்றதும் அப்படித்தானாம். “சொல்லிக் குடுக்கிறவங்க சொன்னா மாத்தக்கூடாது மாஸ்டர், மாத்துனா நரம்பு நழுவிடும்” என்று என்னிடம் கூறியிருக்கிறார். எத்தகைய மாணவி என் கையில் கிடைத்திருந்தார் என்பதைத் தாங்கள் உணர வேண்டும் என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

4. முதல் நாளே அவர் சொந்தமாக ஒரு ஹெல்மெட் வாங்கி வந்து, கழுத்துவாரை இறுக மாட்டிக்கொண்டு திடலில் நின்றார். என் பள்ளி ஹெல்மெட்டின் வார் எப்போதோ அறுந்துபோனது. யாரும் அதைப் பற்றிக் கேட்டதில்லை. நான் எல்லோர் எதிரிலும், “எட்டு போட ஹெல்மெட் எதுக்கும்மா? கால் வேகத்துல போற வண்டி. தலையாலயா போடப் போறீங்க?” என்று கேலி செய்தேன். மற்ற மாணவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் கழற்றவில்லை. என் பேச்சில் அவர் கேளாமல் விட்டது அது ஒன்றுதான். மருத்துவமனையில் அந்த ஹெல்மெட்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். பக்கவாட்டில் உள்ளங்கை அகலத்துக்குத் தேய்ந்திருந்தது.

5. இனி மனுவின் மையமான செய்திக்கு வருகிறேன். தாமதித்தது வேண்டுமென்றே அல்ல, எழுத வரவில்லை.

எட்டு போடும் தேர்வில் மாணவர்கள் கீழே விழுவது பெரும்பாலும் ஒரே காரணத்தால். ஹேண்டில் வளைந்திருக்கும்போது பயத்தில் வலது கை முன் பிரேக்கை இறுக்கிவிடும். மெதுவாகப் போகும் வண்டி அந்த இடத்திலேயே சாயும், கால் ஊன்ற வேண்டும், தேர்வு போயிற்று. இதற்கு முறையான வழி, எப்போது பிடிக்க வேண்டும், எப்போது பிடிக்கக் கூடாது, எவ்வளவு பிடிக்க வேண்டும் என்று பொறுமையாகப் பழக்குவது. அதற்கு நாளாகும். திடலைச் சுற்றியுள்ள நாங்கள் வேறு வழி வைத்திருக்கிறோம். முன் சக்கரத்தருகே உள்ள திருகைத் தளர்த்திவிட்டால் பிரேக் கேபிள் தொய்ந்துவிடும். மாணவர் எவ்வளவு இறுக்கினாலும் பிரேக் பிடி கைப்பிடியைத் தொடுமே தவிர சக்கரம் பிடிபடாது. எங்களுக்குள் இதற்குப் பெயர் ‘கேபிளைத் தூங்க வைக்கிறது’. பக்கத்து மெக்கானிக், தேர்வு நாள் காலையில் தேநீர்க் குவளையுடன் வந்து, “மாஸ்டர், தூங்க வெச்சிரவா?” என்று கேட்பார். நான் தலையாட்டுவேன்.

தொடக்கத்தில் தேர்வு நாளில் மட்டும் தளர்த்தி, மாலையில் இறுக்கிவிடுவோம். பிறகு, வாரந்தோறும் இறுக்குவதும் தளர்த்துவதும் எதற்கு என்று அப்படியே விட்டுவிட்டேன். என் பயிற்சி வண்டியின் முன் பிரேக் விழித்திருந்த நாள் எது என்பது எனக்கே நினைவில்லை. மற்ற பள்ளிகளைக் காட்டிக்கொடுப்பது என் நோக்கமல்ல. அவர்கள் செய்வதை அவர்கள் சொல்லட்டும். நான் செய்ததை நான் சொல்கிறேன்.

6. கேபிளைத் தளர்த்தியதோடு நின்றிருந்தால்கூடப் பாதிக் குற்றம்தான். தளர்ந்திருப்பது மாணவருக்குத் தெரியக் கூடாது அல்லவா? அதனால் வாயாலும் ஒரு பூட்டுப் போட்டுவைப்பேன். “முன் பிரேக் பக்கமே போகாதீங்க. பிடிச்சா தூக்கி எறிஞ்சிடும். கால் பிரேக் இருக்கு, அது போதும்” என்று வரும் ஒவ்வொருவரிடமும் கூறுவேன். நான்கு விரலும் கைப்பிடியைச் சுற்றி இருக்க வேண்டும், பிடியின் மேல் ஒரு விரல்கூட இருக்கக் கூடாது. மீறினால் புறங்கையில் பேனாவால் தட்டுவேன். ரத்தக்காரம்மாவின் கையில் நான் தட்ட வேண்டிய அவசியமே ஏற்படவில்லை.

7. சாலையில் நேராகப் போகும் வண்டியைச் சட்டென்று நிறுத்துவது பெரும்பாலும் முன் பிரேக்தான் என்பது தங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பின் பிரேக்கை மட்டும் மிதித்தால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்கும். வண்டி நிற்பதற்குள் எதிரில் இருப்பது வந்துவிடும். இது எனக்கும் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழி இல்லை. ஏன் இல்லை என்பதைப் பத்தி 11-இல் எழுதியுள்ளேன்.

8. ரத்தக்காரம்மா முதல் முயற்சியிலேயே தேர்ச்சி பெற்றார். ஆய்வாளர் வண்டியை ஓரிடத்தில் நிறுத்திக் காட்டச் சொல்லவில்லை. தேர்வில் அப்படி ஒரு பகுதி இல்லை. எட்டு முடித்ததும் அவர் மெல்லக் காலூன்றி இறங்கி வந்து, பையில் வைத்திருந்த இனிப்பு மிட்டாயை முதலில் எனக்கும் பிறகு வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கொடுத்தார். “எட்டு மாஸ்டர் கைராசி” என்று என் மனைவியிடம் பெருமையாகக் கூறினார்.

9. விபத்து, அவர் ஆய்வக வண்டியை ஓட்டத் தொடங்கிய சில வாரங்களில் நடந்தது. காலை நேரம், அகலமான நேர்சாலை, மழை இல்லை. மரக்கிடங்கு ஒன்றின் வாயிலிலிருந்து சரக்கு வண்டி பின்பக்கமாக வெளியே வந்தது. இவர் பார்த்துவிட்டார். நிறுத்துவதற்குத் தேவையான தூரமும் இருந்தது. கால் பிரேக்கை முழு பலத்துடன் மிதித்தார். பின்சக்கரம் சறுக்கி, வண்டி பக்கவாட்டில் சரிந்து, இவரையும் இழுத்துக்கொண்டு போய்ச் சரக்கு வண்டியின் சக்கரத்தில் மோதியது. வலது கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. குளிர்பெட்டி உடைந்து, அன்று காலை எடுத்த ரத்தக் குப்பிகள் எல்லாம் சாலையில் சிதறின. பார்த்தவர்கள் அத்தனை ரத்தமும் அவருடையது என்று நினைத்து அலறியிருக்கிறார்கள்.

10. செய்தி கேட்டு நான் முதலில் மருத்துவமனைக்குப் போகவில்லை. மரக்கிடங்கு வாயிலுக்குப் போனேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் உண்மை. சாலையில் நீளமாக ஒரே ஒரு கறுப்புக் கோடு இருந்தது. பின்சக்கரத்தின் கோடு. முன்சக்கரம் இறுதிவரை தங்குதடையின்றி உருண்டு போயிருக்கிறது. பிரேக் பிடித்ததற்கான அடையாளம் அதில் எதுவும் இல்லை. சுற்றிலும் நின்றவர்கள், “பொம்பளைங்களுக்கு எதுக்குங்க பெரிய வண்டி” என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அடுத்து என்ன சொல்ல வேண்டியிருக்கும் என்பது தெரிந்ததால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

பிறகு பழம் வாங்கிக்கொண்டு மருத்துவமனைக்குச் சென்றேன். அவருடைய அக்கா என் குரலை வைத்து அடையாளம் கண்டு, “மாஸ்டர் வந்திருக்காரு, கொஞ்சம் நிமிர்ந்து உக்காரு” என்று தங்கையிடம் கூறி, தாம் அமர்ந்திருந்த முக்காலியைத் தடவி எனக்குத் தள்ளிவிட்டார். காலில் கட்டுடன் கிடந்தவர் முதலில் பேசியது உடைந்த குப்பிகளைப் பற்றி. “மாடி வீட்டு சாருக்கு நரம்பே ஆப்புடாது மாஸ்டர். மறுபடி குத்தணுமே, பாவம்” என்றார். அடுத்து, நான் கேட்காமலேயே, எனக்கு ஆறுதல் சொல்வதுபோல இதைக் கூறினார்: “ஆனா ஒண்ணு மாஸ்டர், அவ்ளோ பயத்துலயும் நீங்க சொன்னதை நான் மீறல. முன் பிரேக்கைத் தொடவே இல்ல. தொட்டிருந்தா தூக்கி எறிஞ்சிருக்கும்ல?”

நான் ஆமாம் என்று தலையாட்டினேன் ஐயா. கட்டிலில் கிடந்தவர் கேட்ட கேள்விக்கு அந்த நேரத்திலும் பொய்யாகவே தலையாட்டினேன்.

11. வீடு திரும்பி நடந்ததைக் கூறியதும் என் மனைவி கையில் இருந்த வேலையைக் கீழே வைத்துவிட்டு, “நம்ம பொண்ணுக்கு ஒரு வண்டி, ஊரான் வீட்டுப் பொண்ணுக்கு ஒரு வண்டியா?” என்று கேட்டார். அதன் பொருள் தங்களுக்கு விளங்க, பின்வருவதைத் தெரிவிக்க வேண்டியுள்ளது.

ரத்தக்காரம்மா என்னிடம் பழகிய அதே நாட்களில் என் மகளுக்கும் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தேன். கல்லூரிக்குப் போக வேண்டும் என்று அவள் அடம்பிடித்தாள். அவளைப் பயிற்சி வண்டியைத் தொட விடவில்லை. விடிந்ததும் என் சொந்த வண்டியில், ஆளில்லாத சரக்கு மைதானத்துக்கு அழைத்துச் செல்வேன். எஞ்சினை அணைத்து வைத்து, இரண்டு விரலை முன் பிரேக்கின் மேல் எப்போதும் வைத்திருக்கப் பழக்கினேன். பழம் பழுத்திருக்கிறதா என்று அழுத்திப் பார்ப்பதுபோல முதலில் மெல்ல, பிறகு இறுக்கமாக, காலும் சேர்ந்து. மெதுவாகப் போய் நிறுத்து, வேகமாகப் போய் நிறுத்து, நான் கையைத் தூக்கியதும் நிறுத்து என்று அவள் சலித்துப்போகும்வரை நிறுத்தவே கற்றுக்கொடுத்தேன். “அப்பா, போகவே விட மாட்டீங்களா? நிக்கத்தான் கத்துத் தருவீங்களா?” என்று சண்டை பிடிப்பாள்.

அவளை வீட்டில் விட்டுவிட்டு, காலை உணவு முடித்து, அதே வாயோடு திடலுக்கு வந்து ரத்தக்காரம்மாவிடம் “முன் பிரேக் பக்கமே போகாதீங்க” என்று கூறியிருக்கிறேன். ஒரு நாள் அல்ல, அவர் பழகிய அத்தனை நாளும். என் மகள் எட்டில் தோற்றாலும் பரவாயில்லை, சாயங்காலம் பத்திரமாக வீடு திரும்பினால் போதும் என்று எனக்குத் தோன்றியது. ரத்தக்காரம்மாவும் சாயங்காலம் ஒரு வீட்டுக்குத்தான் திரும்புகிறார். வாசலில் செருப்புச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு அங்கே ஒரு அக்கா உட்கார்ந்திருப்பார். இது எனக்குத் தெரியாததல்ல. நினைத்துப் பார்க்கவில்லை என்பதைத் தவிர என்னிடம் சொல்வதற்கு வேறு சமாதானம் இல்லை.

12. விபத்து ஆய்வறிக்கை குறித்துத் தங்கள் மேலான கவனத்துக்கு: வண்டியின் இரண்டு பிரேக்கும் நல்ல நிலையில் இருந்தன, சாலை உலர்ந்திருந்தது, நிறுத்தப் போதிய இடைவெளி இருந்தது என்று அறிக்கை கூறுகிறது. இம்மூன்றும் சரி. ஆகவே இது ஓட்டியவரின் கவனக்குறைவு என்று முடித்திருக்கிறார்கள். அது சரியல்ல. அவர் கவனமாகத்தான் இருந்தார். கவனமாக, நான் சொல்லிக்கொடுத்த தவறை ஒரு பிசகும் இல்லாமல் செய்தார். நல்ல நிலையில் இருந்த முன் பிரேக்கை அவர் ஏன் தொடவில்லை என்று அறிக்கை எழுதியவர் ஒரு கேள்வி கேட்டிருந்தால் பதில் என் மாடிப்படிக்கு வந்திருக்கும். யாரும் கேட்கவில்லை. நானும் கூப்பிட்டாலொழியப் போக வேண்டாம் என்று இருந்துவிட்டேன்.

13. கட்டுப் பிரித்து அவர் நடக்கத் தொடங்கிய பிறகு, உரிமம் நிறுத்திவைக்கப்பட்ட உத்தரவு அவருக்கு வந்தது. அதை எடுத்துக்கொண்டு என்னிடம்தான் வந்தார். “ஆபீஸ்ல உங்களுக்குத் தெரிஞ்சவங்க இருப்பாங்கல்ல மாஸ்டர், இனிமே கவனமா ஓட்டுவேன்னு எனக்காக ஒரு வார்த்தை சொல்லுங்க” என்று கேட்டார். இதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. அவரைக் கீழே அழைத்துச் சென்று, பயிற்சி வண்டியின் முன் பிரேக்கைப் பிடிக்கச் சொன்னேன். பிடித்தார். பிடி கைப்பிடியில் போய் ஒட்டிக்கொண்டது. வண்டியைத் தள்ளச் சொன்னேன். பிடித்த பிடியிலேயே வண்டி உருண்டது. பிறகு எல்லாவற்றையும் கூறினேன், என் மகள் விஷயம் உட்பட.

அவர் என்னைத் திட்டவில்லை. சற்று நேரம் அந்தப் பிடியைப் பிடித்துப் பிடித்து விட்டுக்கொண்டிருந்தார். பிறகு, “நான் ஊசி பழகும்போது உடைஞ்ச ஊசியக் குடுத்துப் பழக்கலியே மாஸ்டர்” என்றார். “முதல்ல இதை இறுக்குங்க” என்று கூறிவிட்டு, சாய்ந்து சாய்ந்து நடந்து போய்விட்டார். படியருகே சாத்தி வைத்திருந்த கைத்தடியைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. என் மனைவிதான் ஓடிப்போய்க் கொடுத்தார்.

14. அன்றே இறுக்கினேன். மெக்கானிக்கைக் கூப்பிடவில்லை, நானே இறுக்கினேன். அடுத்து வந்த தேர்வில் என் மாணவர்கள் வரிசையாகக் கால் ஊன்றினார்கள், ஒருவர் விழுந்தும் விட்டார். திடலில் ஒரே சிரிப்பு. “எட்டு மாஸ்டருக்கு என்ன ஆச்சு, ராசி போயிடுச்சா?” என்று சக பயிற்சியாளர்கள் கேட்டார்கள். சிலர் பள்ளியை மாற்றிக்கொண்டார்கள். மீதமுள்ளவர்களுக்கு இப்போது முதலில் நிறுத்துவதைத்தான் கற்றுக்கொடுக்கிறேன், எட்டு அதன் பிறகு. பள்ளி ஹெல்மெட்டுக்குப் புது வார் போட்டாயிற்று. ஏற்கெனவே என்னிடம் பழகித் தேர்ச்சி பெற்றவர்களை ஒவ்வொருவராகத் தேடிப் போய்க்கொண்டிருக்கிறேன். சிலர் கதவைத் திறந்து கேட்கிறார்கள். சிலர், “நாங்கதான் பாஸ் ஆயிட்டோமே மாஸ்டர், இன்னும் என்ன?” என்கிறார்கள். முகவரி மாறியவர்களை எங்கே போய்த் தேடுவது என்று தெரியவில்லை. சாலையில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் உள்ளே இருப்பது என் ஆள் யாராவதோ என்று படியிறங்கி ஓடிப் பார்க்கிறேன்.

15. ரத்தக்காரம்மாவுக்குக் கட்டணமின்றி மீண்டும் பயிற்சி தருவதாக என் மனைவி மூலம் சொல்லியனுப்பினேன். என்னிடம் பழக மறுத்துவிட்டார். அது நியாயமே. ஆனால் என் மகள் அவர் வீட்டுக்குப் போய்ப் பேசியிருக்கிறாள். என்ன பேசினாள் என்று என்னிடம் சொல்லவில்லை. இப்போது விடியற்காலைகளில் அதே சரக்கு மைதானத்தில் அவள்தான் அவருக்குக் கற்றுக்கொடுக்கிறாள். நான் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். “ரெண்டு விரல் ஆன்ட்டி, ரெண்டு விரல்” என்று அவள் சொல்வது கேட்கும். வண்டி வரும் சத்தம் கேட்கும், சட்டென்று நிற்கும். கால் இன்னும் முழுதாகச் சரியாகாதவர் அந்தக் காலாலும் அந்தக் கையாலும் திரும்பத் திரும்ப நிறுத்திப் பழகுகிறார்.

16. ஆய்வகம் தற்போது அவரைக் குப்பி கழுவும் இடத்தில் உட்கார வைத்திருக்கிறது. இம்மாத இறுதிக்குள் செல்லத்தக்க உரிமத்தைக் காட்டாவிட்டால் அந்த இடமும் இல்லை என்று கூறிவிட்டார்கள். இதை அவர் என்னிடம் கூறவில்லை. அவருடைய அக்கா என் மனைவியிடம் கூறியது.

ஆகவே, மேற்கண்ட சூழ்நிலையில் தாங்கள் அருள்கூர்ந்து,

அ) விபத்து ஆய்வறிக்கையில் ‘ஓட்டியவரின் கவனக்குறைவு’ என்றுள்ளதை நீக்கி, அவ்விடத்தில் பயிற்சியாளரின் பொய்ப் பயிற்சி என்று பதிவு செய்யவும்;

ஆ) அப்பெண்மணியை மாத இறுதிக்கு முன்பாகவே மறுதேர்வுக்கு அழைக்கவும்;

இ) திடலைச் சுற்றியுள்ள எல்லாப் பயிற்சி வண்டிகளின் முன் பிரேக்கையும், தேர்வு நாள் காலையில், முன்னறிவிப்பின்றித் தங்கள் கையாலேயே ஒருமுறை பிடித்துப் பார்க்கவும்;

ஈ) எட்டு போட்டுக் காட்டுபவர், ஓடும் வண்டியைக் குறித்த கோட்டுக்குள் நிறுத்தியும் காட்ட வேண்டும் என்று தேர்வில் சேர்க்கவும்;

உ) எதிர்மனுதாரராகிய என் மீது தாங்கள் தக்கதெனக் கருதும் நடவடிக்கை எடுக்கவும் பணிவுடன் வேண்டுகிறேன். என் பயிற்சி உரிமத்தை இத்துடன் இணைத்துள்ளேன். பழைய மாணவர்களைத் தேடி முடிக்கும்வரை அதை என்னிடம் விட்டுவைத்தால் நன்றியுடையவனாக இருப்பேன். விட்டுவைக்காவிட்டாலும் தேடுவதை நிறுத்த மாட்டேன்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். விதியில் இதற்கு இடம் உண்டா என்று தெரியாது. மேலே (ஈ)-இல் கேட்டபடி மறுதேர்வில் அவர் வேகமாக வந்து நிறுத்திக் காட்ட வேண்டுமென்றால், கோட்டின் முடிவில் அடையாளத்துக்கு ஒரு கூம்பை வைப்பீர்கள். அந்தக் கூம்புக்குப் பதிலாக என்னை அங்கே நிற்க அனுமதிக்க வேண்டும். விபத்துக்குப் பிறகு ஊரே அவரை ஓட்டத் தெரியாதவர் என்கிறது. அவருக்கு நிறுத்தத் தெரியும் என்பதை நான் வாயால் சொன்னால் யாரும் நம்பப் போவதில்லை. என் வாய்ச்சொல்லுக்கு அந்த மதிப்பு இனிக் கிடையாது. அவர் வண்டி வரும் கோட்டில் நான் நின்றால் நம்புவார்கள்.

இதை என் மகள் மூலம் அவரிடம் கேட்டனுப்பினேன். மறுநாள் மைதானச் சுவருக்கு இந்தப் பக்கம் நான் நிற்பது தெரிந்து, அவரே சத்தமாகப் பதில் கூறினார். அன்று கைத்தடியை எடுக்காமல் நடந்து போனதற்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய ஒரே வார்த்தை அதுதான்: “நிக்கறதுன்னா நில்லுங்க. ஆனா கடைசி நேரத்துல நகரக்கூடாது மாஸ்டர்.”

நகர மாட்டேன் என்று அவருக்குச் சொன்ன உறுதியை, இம்மனுவின் வாயிலாகத் தங்களுக்கும் எழுத்துமூலம் அளிக்கிறேன்.

இடம்: தேர்வுத் திடலின் பின்கேட்டுக்கு எதிரே
நாள்: வெள்ளிக்கிழமை, திடல் விடுமுறை

தங்கள் நடவடிக்கைக்குக் காத்திருக்கும்,
மனுதாரரும் எதிர்மனுதாரருமாகிய,

(ஒப்பம்)
இருசக்கர வாகனப் பயிற்சியாளர்

இணைப்பு: பயிற்சி உரிமம் – அசல்.